பர்கர் கடையும் பக்கத்துத் தண்டவாளமும்: மாதிரி ரயில் வாசகர் கேள்வி-பதில்

மாதிரி ரயில் அமைப்புகளில் துரித உணவகங்களைக் கட்டுவது பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருவதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்க ரயில்களைப் பற்றியவை என்பதால் எடுத்துக்காட்டுகளும் அந்நாட்டைச் சேர்ந்தவையாகவே அமைந்துள்ளன.

கேள்வி: எட்டடிக்கு நாலடிப் பலகையில், எச்ஓ அளவில் (உண்மை அளவில் 87இல் ஒரு பங்கு), 1950களின் அமெரிக்க ரயில் அமைப்பு ஒன்றை உருவாக்கி வருகிறேன். நீராவி இன்ஜினும் டீசல் இன்ஜினும் சேர்ந்தே ஓடிய காலம் அது. நிலையத்துக்கு எதிரில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை வைக்க ஆசைப்படுகிறேன். பழுப்பு நிறச் சாய்வுக் கூரையும், காரில் அமர்ந்தபடியே வாங்கிச் செல்லும் ஜன்னலும் வைக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கடையைத் தாராளமாக வையுங்கள். ஆனால் அந்தக் கூரையும் அந்த ஜன்னலும் உங்கள் காலத்தைச் சேர்ந்தவை அல்ல. துரித உணவகம் என்பது லேஅவுட்டில், அதாவது மாதிரி ரயில் அமைப்பில், வைக்கும் கட்டடங்களிலேயே மிகத் துல்லியமாக ஆண்டைக் காட்டிக்கொடுப்பது. ஒரு தானியக் கிடங்கு ஐம்பது ஆண்டுகள் மாறாமல் நிற்கலாம். பர்கர் கடையின் முகம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாறிவிடும். ஆகவே எந்தக் கட்டடத்தைக் கட்டுவது என்று முடிவெடுப்பதற்கு முன்னால், எந்த ஊர், எந்த ஆண்டு என்று முடிவெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1940இல் கடை திறந்து, 1948இல் அதை விரைவுச் சேவைக் கடையாக மாற்றினார்கள். கூரையைத் துளைத்துக்கொண்டு இருபுறமும் எழும் மஞ்சள் வளைவுகள் கொண்ட கட்டடம், ஸ்டான்லி மெஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. அது முதன்முதலாக 1953இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் கலிஃபோர்னியாவின் டௌனி நகரில் திறக்கப்பட்ட கடை இன்றும் இருக்கிறது. மிஞ்சியிருப்பவற்றில் அதுவே மிகப் பழையது. இந்தக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட மேசை நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் காரை நிறுத்தி, இறங்கி, ஜன்னல் முன் நின்று வாங்கிக்கொண்டு காருக்கே திரும்பிவிடுவார். பழுப்பு நிறச் சாய்வுக் கூரையும் உள்ளே இருக்கைகளும் 1960களின் இறுதியில்தான் பரவலாக வந்தன. காரிலிருந்தே வாங்கும் ஜன்னலை மெக்டொனால்ட்ஸ் 1975இல்தான், அரிசோனாவின் சியெரா விஸ்டா நகரில், முதலில் திறந்தது. சீருடையில் இருந்த ராணுவ வீரர்கள் வெளியிடங்களில் காரைவிட்டு இறங்கக்கூடாது என்று அங்கிருந்த முகாமில் விதி இருந்ததே அதற்குக் காரணம். உங்களுக்கு 1950களிலேயே அப்படி ஒரு ஜன்னல் வேண்டுமென்றால் வேறு பெயரைத் தேட வேண்டும்: 1948இல் பால்ட்வின் பார்க்கில் தொடங்கிய இன்-அன்-அவுட், 1951இல் சான் டியேகோவில் தொடங்கிய ஜாக் இன் தி பாக்ஸ் ஆகிய இரண்டும் ஒலிபெருக்கியில் பேசிக் காருக்கே உணவு கொடுத்தவை. ஆனால் அப்போது அவை கலிஃபோர்னியாவுக்கு உரியவை. உங்கள் ரயில் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அவற்றுக்கு இடம் உண்டு.

நீராவியும் டீசலும் கலந்து ஓடும் அமைப்புக்கு நான் பரிந்துரைப்பது இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெயின்ஸ். மெக்டொனால்ட்ஸை நாடெங்கும் பரப்பிய ரே கிராக் தமது முதல் மெக்டொனால்ட்ஸ் கடையை 1955 ஏப்ரல் 15 அன்று அங்கே திறந்தார். அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததில் ரயிலுக்கும் பங்குண்டு: கடையைக் காலையில் கவனித்துவிட்டு, நடந்தே நிலையத்துக்குப் போய், சிகாகோ அலுவலகத்துக்கு ரயிலேறிவிடலாம். அந்த ரயில்பாதை சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் நிறுவனத்துடையது. பச்சையும் மஞ்சளுமான வண்டிகள். இரட்டைப் பாதையில், மற்ற அமெரிக்க நிறுவனங்களின் வழக்கத்துக்கு மாறாக, நம் நாட்டைப் போலவே இடப்பக்கமாகவே ஓடியவை. அதன் சிகாகோ புறநகர்ச் சேவையில் நீராவி இன்ஜின்கள் 1956இல் ஓய்வுபெற்றன. 1955இன் கோடைக்காலத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால், மஞ்சள் வளைவுகளுக்குப் பின்னால் புகைவிட்டுக்கொண்டு ஒரு புறநகர் வண்டி போவது முழுக்க முழுக்க உண்மையான காட்சியாக இருக்கும். இத்தனை பொருத்தமான சேர்க்கை எளிதில் கிடைக்காது.

கடையின் பெயர்ப்பலகையில் ஒற்றை வளைவும், ‘ஸ்பீடி’ என்ற குட்டிச் சமையல்காரர் உருவமும், 15 சென்ட் என்ற விலையும் இருக்க வேண்டும். விற்ற பர்கர்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவது அவர்களின் வழக்கம். இதுவும் ஆண்டைச் சொல்லும். பத்து லட்சத்துக்கு மேல் என்றிருந்தால் அது தொடக்கக் காலம். பத்து கோடியை 1958இலும் நூறு கோடியை 1963இலும் எட்டினார்கள். உங்கள் பலகையில் ‘நூறு கோடி’ என்று எழுதிவிட்டு, கீழே நீராவி இன்ஜினை ஓடவிட்டால், விவரம் அறிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. எச்ஓ அளவில் ஓரடிக்கு 3.5 மி.மீ. கட்டடத்தின் வரைபடம் கிடைக்காவிட்டால், நேர் எதிரே நின்று எடுக்கப்பட்ட பழைய புகைப்படத்தில் கதவின் உயரத்தை ஏழடி, அதாவது 24.5 மி.மீ., என்று வைத்துக்கொண்டு மற்ற அளவுகளைக் கணக்கிடலாம். இந்தக் கடைகள் இயல்பிலேயே சிறியவை. தொழிற்சாலையையும் நிலையத்தையும் சுருக்கிக் கட்டுவது போல இவற்றைச் சுருக்காதீர்கள். இடம் போதாதென்றால் வாகன நிறுத்தத்தில் இரண்டு கார்களைக் குறையுங்கள். கட்டடத்தில் கை வைக்க வேண்டாம். அதே சமயம் வாகன நிறுத்தமே இல்லாமல் தண்டவாளத்துக்கும் சாலைக்கும் நடுவே கட்டடத்தைத் திணிப்பதும் கூடாது, ஏனெனில் இத்தகைய கடைகளுக்கு நிலத்தின் பெரும்பகுதி கார்களுக்குத்தான். 1955ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏர் கார் ஏறக்குறைய 4.97 மீட்டர் நீளம், அதாவது எச்ஓவில் 57 மி.மீ.; அதை நிறுத்த 31 மி.மீ. அகலமும் 70 மி.மீ. நீளமும் கொண்ட கட்டம் வேண்டும். கார் பின்வாங்கித் திரும்ப 84 மி.மீ. தேவை. கடையின் முன்பக்கம் மட்டுமே 15 செ.மீ. நிலம் போய்விடும் என்பதை மனத்தில் வைத்துத் தண்டவாளத்தை அமையுங்கள்.

கேள்வி: அந்த மஞ்சள் வளைவுகளை எப்படிச் செய்வது? ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் பட்டையை வளைத்துப் பார்த்தேன்; இரண்டும் ஒரே மாதிரி வரவில்லை, நடுவில் மடிந்தும்விடுகிறது. (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: பட்டையை வளைப்பதைவிட, பிளாஸ்டிக் தாளிலிருந்து வளைவாகவே வெட்டி எடுப்பது நல்லது. அந்த வளைவு வட்டத்தின் பகுதி அன்று, பரவளையம் (parabola). உச்சியில் குறுகியும் கீழே போகப் போக நேராகியும் இருக்கும். காம்பஸ் வைத்து வரைந்தால் உருவம் கெட்டுவிடும். சரியான வடிவத்தைப் பெற எளிய வழி ஒன்று உண்டு. சுவரில் ஒட்டிய தாளில் இரண்டு குண்டூசிகளை வளைவின் அடி அகலத்துக்குக் குத்தி, மெல்லிய கழுத்துச் சங்கிலி ஒன்றைத் தேவையான ஆழத்துக்குத் தொங்கவிட்டு, அது விழும் கோட்டைப் பென்சிலால் வரைந்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். கணக்கின்படி அது பரவளையத்திலிருந்து சற்றே வேறுபட்டதுதான் என்றாலும் இந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது.

வெட்டப்போகும் இரண்டு பிளாஸ்டிக் தாள்களை இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் சேர்த்து ஒரே தடவையில் வெட்டி, ஒரே தடவையில் அரம் போட்டால் இரண்டு வளைவுகளும் இரட்டையராகவே வரும். வெட்டும் பொருளாக 2 மி.மீ. தெளிவான அக்ரிலிக் தாளை நான் விரும்புவதற்குக் காரணம் விளக்குதான். உண்மையான வளைவுகளில் நியான் குழாய்கள் ஓடின. இரவில் அவை ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. அக்ரிலிக் வளைவின் இரு தட்டைப் பக்கங்களுக்கும் முதலில் வெள்ளி, அதன்மேல் மஞ்சள் பூசி, வெளி விளிம்பை மட்டும் பூசாமல் விட்டு, அந்த விளிம்பை மென்மையான உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அடிப்பாகத்தில் சின்ன எல்இடி ஒன்றை ஒட்டிவிட்டால், ஒளி வளைவுக்குள்ளேயே பயணம் செய்து விளிம்பு வழியே கசியும். தேய்க்காத விளிம்பில் ஒளி வெளிவராது என்பதால், எந்த இடத்தில் கோடு தெரிய வேண்டுமோ அங்கே மட்டும் தேய்க்கலாம். வளைவின் இரு கால்களிலிருந்தும் ஒளி கொடுத்தால் உச்சியில் மங்காது.

வளைவுகளைக் கூரையின்மேல் ஒட்டிவைத்துவிட வேண்டாம். கூரையில் பிளவு வெட்டி, வளைவு அதன் வழியே இறங்கித் தரையைத் தொடும்படி அமையுங்கள். அவை கூரையைத் துளைத்துச் செல்வதுதான் மெஸ்டனின் வடிவமைப்பின் உயிர். கடையைச் சாலைக்குச் சற்றே கோணலாகத் திருப்பி வைத்தால், இரண்டு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ‘எம்’ என்ற எழுத்தாகத் தெரியும். 1960களில் வந்த சின்னம் அப்படித்தான் பிறந்தது.

கேள்வி: சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் என் ரயில் அமைப்பு ஒரு புத்தக அலமாரித் தட்டில் இருக்கிறது. அது ‘N’ அளவு (1:160), 1930களின் நகரக் காட்சி. மிகச் சிறிய உணவகம் ஏதேனும் உண்டா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்களுக்காகவே கட்டியது போல ஒன்று உண்டு. கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1921இல் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்ராமும் தொடங்கிய ஒயிட் காசில்தான் அது. முதல் கடை பதினைந்தடிக்குப் பத்தடி. உள்ளே ஐந்து முக்காலிகள். 1:160 அளவில் அது 29 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் மட்டுமே. சிகாகோவின் பழைய நீர்க்கோபுரத்தைப் பார்த்துச் செய்த சிறு கொத்தளங்களும் கோபுரமும் உள்ளதால், இவ்வளவு சிறியதாக இருந்தும் பார்ப்பவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

1930களுக்கு நீங்கள் கட்ட வேண்டியது சிமென்ட் கல் கட்டடத்தை அன்று. அதற்குள் அவர்கள் வெள்ளை எனாமல் பூசிய எஃகுத் தகடுகளுக்கு மாறிவிட்டார்கள். அத்தகைய கட்டடங்களைத் தயாரிக்கவே 1934இல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். தகடுகளைக் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். மினியாபொலிஸ் நகரில் 1936இல் கட்டப்பட்ட ஒன்று இடம் மாற்றப்பட்டும் பிழைத்து, இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறது. இதைச் செய்ய 0.5 மி.மீ. ஸ்டைரீன் தாள் போதும். தகடுகளுக்கு இடையிலான கோடுகளைக் கத்தியின் பின்புறத்தால் மெலிதாகக் கீறுங்கள். பளபளப்பான வெள்ளை பூசிய பின், கோடுகளில் நீர்த்த சாம்பல் நிறத்தை ஓடவிட்டு உடனே துடைத்துவிடுங்கள். கறுப்பு வேண்டாம், இந்த அளவில் கறுப்புக் கோடு சுவரைக் கட்டம்போட்ட தாளாக்கிவிடும். மற்ற நகரக் கட்டடங்களுக்குப் புகைக்கறை பூசுவது போல இதற்குப் பூச வேண்டாம். தூய்மையைக் காட்டுவதற்காகவே அந்த வெள்ளை. நடத்தியவர்கள் அதைத் துடைத்துத் துடைத்தே வைத்திருந்தார்கள். கரி படிந்த செங்கல் சுவர்களுக்கு நடுவில் அது மட்டும் பளிச்சென்று நிற்பதுதான் காட்சியின் அழகு.

கேள்வி: பெயர்ப்பலகைகளை வீட்டு அச்சுப்பொறியில் அச்சிட்டால் வெள்ளை எழுத்து வரவே மாட்டேன் என்கிறது. மேலும் உண்மையான நிறுவனங்களின் பெயரைப் பயன்படுத்துவது சரியா? (வாசகர், மதுரை)

பதில்: வீட்டில் உள்ள இங்க்ஜெட்டோ லேசரோ வெள்ளை நிறத்தை அச்சிடாது; காகிதத்தின் வெள்ளையைத்தான் விட்டுவைக்கும். ஆகவே தெளிவான டீக்கால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) வெள்ளை எழுத்து வராது. வெள்ளை டீக்கால் தாளில், எழுத்தைச் சுற்றியுள்ள பின்னணி நிறத்தையும் சேர்த்து அச்சிட்டு, விளிம்பை ஒட்டி வெட்டி, வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டின் மேல் அதே நிற வண்ணத்தைத் தூரிகையின் நுனியால் தொடுங்கள். இங்க்ஜெட் மை நீரில் கரைவதால், நீரில் நனைப்பதற்கு முன் தெளிவான அக்ரிலிக் வார்னிஷை இரண்டு முறை தெளித்து நன்கு காயவிட வேண்டும்.

தட்டையான பலகைகளுக்கு டீக்காலே தேவையில்லை என்பது என் அனுபவம். நல்ல புகைப்படத் தாளில் அச்சிட்டு, பின்புறக் காகிதத்தை நனைத்து உரித்து மெல்லியதாக்கி ஒட்டினால் போதும். பெரிய ஒற்றை உருவங்களுக்கு, வாகன எண் பலகைகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளை நாடலாம். கணினியில் வரைந்த கோப்பைக் கொடுத்தால், மஞ்சள் வினைலில் சுத்தமாக வெட்டித் தருவார்கள். மிகச் சிறிய எழுத்துகள் மட்டும் அந்த இயந்திரத்துக்குச் சரிவராது. உள்ளிருந்து ஒளிரும் பலகை வேண்டுமென்றால், ஒளிபுகும் படத்தாளில் ஒரே படத்தை இரு முறை அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்னால் மெல்லிய வெள்ளை ஸ்டைரீன் தாள் கொடுங்கள். ஒற்றைத் தாள் விளக்கு எரிந்ததும் வெளிறிப்போகும்.

பலகையின் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டௌனி கடையில் 1959இல் வைத்த ஸ்பீடி பலகை அறுபது அடி உயரம். எச்ஓவில் அது 21 செ.மீ. கட்டடத்தின் அருகே வைத்துப் பார்த்தால் மிகையாகத்தான் தோன்றும். வேகமாக வரும் கார் ஓட்டுநர் தூரத்திலேயே பார்த்து, வேகத்தைக் குறைத்து, திரும்ப வேண்டும். அதற்காகக் கட்டடத்தை அடக்கமாகவும் பலகையைப் பெரிதாகவும் அமைத்தார்கள். அதைக் குறைத்துவிட்டால் கடை ஏதோ ஒரு பெட்டிக்கடையாகச் சுருங்கிவிடும்.

பெயர்களும் சின்னங்களும் அந்தந்த நிறுவனங்களின் பதிவுபெற்ற வணிகச் சின்னங்கள். உங்கள் வீட்டு லேஅவுட்டுக்காக நீங்களே செய்துகொள்வது ஒன்று. அச்சிட்ட பலகைகளையோ கட்டடங்களையோ விற்பனைக்கு வைப்பது முற்றிலும் வேறு. விற்பதாக இருந்தால் உரிமையாளரின் அனுமதி தேவை.

கேள்வி: கடைக்குள் எத்தனை எல்இடி, என்ன ரெசிஸ்டர்? சுவர் முழுவதும் ஒளி ஊடுருவித் தெரிகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டாவதை முதலில் சரிசெய்யுங்கள். ஸ்டைரீன் ஒளியைத் தடுக்காது. சுவரின் உட்பக்கம் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூச வேண்டும்; கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை உள்ளே பரப்பும். சுவரும் கூரையும் சேரும் மூலைகளில் உட்புறமாகச் சதுரக் குச்சிகளை ஒட்டினால் கோடாகக் கசியும் ஒளி நிற்கும்.

12 வோல்ட் நேர்மின்சாரத்தில் மூன்று வெள்ளை எல்இடிகளை வரிசையாக இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் போக எஞ்சுவது 3 வோல்ட். 330 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஏறக்குறைய 9 மில்லியாம்பியர் ஓடும். இதுவே பெரும்பாலும் அதிகமான வெளிச்சம். 680 ஓம் வைத்துப் பாருங்கள். இன்னும் இயல்பாக இருக்கும். சமையலறைப் பக்கம் குழல்விளக்கின் குளிர்ந்த வெள்ளையும், 1970களுக்குப் பிந்தைய கடைகளின் உட்காரும் பகுதியில் இதமான வெள்ளையும் கொடுங்கள். ஒரே கடைக்குள் இந்த இரண்டு நிறங்களும் தெரிவது, எத்தனை விளக்குகளைக் கூட்டினாலும் கிடைக்காத உயிர்ப்பைத் தரும். தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரத்திலிருந்து விளக்குக்கு எடுக்காமல் தனி அடாப்டர் வையுங்கள். இல்லையேல் வண்டியின் வேகத்தோடு விளக்கும் ஏறி இறங்கும்.

கேள்வி: ஜெர்மனியின் வோல்மர் நிறுவனத்தின் துரித உணவகக் கிட் (நாமே பூட்டிக்கொள்ளும் கட்டடப் பாகங்களின் தொகுப்பு) ஒன்று கிடைத்திருக்கிறது. அதை அமெரிக்க லேஅவுட்டில் வைக்கலாமா? (வாசகர், டொரொண்டோ)

பதில்: அளவில் சிக்கலில்லை, இரு நாட்டு எச்ஓவும் 1:87தான். ஸ்டுட்கார்ட்டில் இயங்கிய வோல்மரின் வரிசையை 2014இல் ஃபீஸ்மன் நிறுவனம் ஏற்றுக்கொண்டது; அதில் மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங் ஆகிய இரு கிட்களும் உண்டு. ஆனால் அவை அண்மைக் கால ஐரோப்பியக் கடைகள். ஜெர்மனியின் முதல் மெக்டொனால்ட்ஸே 1971இல்தான் மியூனிக்கில் திறந்தது. ஐரோப்பிய ரயில் மாதிரிகளில் ஐந்தாம், ஆறாம் எபோக் என்று சொல்லப்படும் 1990க்குப் பிந்தைய காட்சிகளுக்கே அவை பொருந்தும். அமெரிக்க 1990கள், 2000கள் என்றால் பலகையையும் வாகன நிறுத்தக் கோடுகளையும் மாற்றி ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு ஏற்காது.

பழைய காலத்துக்குக் கிட்தான் வேண்டுமென்றால் வால்தர்ஸ் நிறுவனத்தின் கார்னர்ஸ்டோன் வரிசையில் வந்த பழைய பாணி டெய்ரி குயின் ஐஸ்கிரீம் கடையைத் தேடுங்கள். முதல் டெய்ரி குயின் 1940இல் இல்லினாயின் ஜோலியட் நகரில் திறக்கப்பட்டது. சாண்டா ஃபே, ராக் ஐலண்ட், ஆல்டன் பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்ட ஜோலியட் யூனியன் நிலையத்தை அறியாத அமெரிக்க ரயில் ஆர்வலர் இருக்க முடியாது. பல நிறுவன வண்டிகளை ஒரே லேஅவுட்டில் ஓட்ட விரும்புபவருக்கு அந்த ஊரைவிடச் சிறந்த சாக்கு வேறில்லை.

கேள்வி: பீட்சா ஹட்டின் சிவப்புக் கூரையைத் தாளில் வெட்டி மடித்தேன். நான்கு பக்கங்களும் ஒன்றோடொன்று சேரவில்லை. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வரைபடத்தில் மேலிருந்து பார்க்கும் அகலத்தையே கூரைப் பலகையின் அகலமாக எடுத்திருப்பீர்கள். சாய்வின் உண்மையான நீளம் அதைவிட அதிகம். கிடைமட்ட அகலம் 14 மி.மீ., உயரம் 10 மி.மீ. என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க, 17.2 மி.மீ. வரும். அந்த அகலத்தில்தான் சரிவகங்களை வெட்ட வேண்டும். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் பர்க் வரைந்து 1969இல் நடைமுறைக்கு வந்த இந்தக் கூரையில் இரண்டு சரிவுகள் உள்ளன: கீழே அகன்று தாழ்ந்தது ஒன்று, மேலே செங்குத்தாக எழுந்து தட்டையாக முடிவது ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் கெட்டி அட்டையில் செய்து பார்த்து, சரியென்றால் ஸ்டைரீனுக்கு மாற்றுங்கள். சேரும் விளிம்புகளை உட்புறமாகச் சாய்த்துத் தேய்க்காவிட்டால், அளவு சரியாக இருந்தும் இடைவெளி விழும். ஜன்னல்களும் சரிவக வடிவமே. செவ்வகமாக வெட்டிவிட வேண்டாம்.

உங்கள் அமைப்பு 2000களுக்குப் பிந்தையதாக இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. கைவிடப்பட்ட சிவப்புக் கூரைக் கட்டடங்கள் பல, வேறு நிறம் பூசப்பட்டு வேறு கடைகளாக மாறின. கூரையின் வடிவம் பழைய பெயரைச் சொல்லும், பலகை புதுப் பெயரைச் சொல்லும். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைக் காட்ட விரும்புபவருக்கு, புத்தம் புதிய கடையைவிட இத்தகைய கட்டடமே அதிகம் பயன்படும் என்று நான் கருதுகிறேன்.

எந்தக் கடையானாலும், கூரையின் தட்டையான பகுதியை வெறுமையாக விடாதீர்கள். சாலையில் செல்பவர்கள் பார்க்காத கூரைதான் லேஅவுட்டில் நம் கண்ணுக்கு முதலில் தெரியும். குளிரூட்டி இயந்திரம், சமையலறைப் புகைபோக்கி, அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கருமை ஆகிய மூன்றும் இருந்தால் உள்ளே சமையல் நடப்பது தெரியும்.

கேள்வி: உணவகம் வெறும் அலங்காரமாக நிற்கிறது. சரக்கு வண்டிகளுக்கு அதனால் வேலை உண்டாக்க முடியுமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியும். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடைக்கு நேராகத் தண்டவாளம் போகாது. ஆனால் கடைக்கு வரும் பொருள்கள் ரயிலில் வந்தவை. 1955இல் டெஸ் பிளெயின்ஸ் கடை உருளைக்கிழங்கை மூட்டையாக வாங்கி, நிலவறையில் காற்றுப்படக் காயவைத்து, அங்கேயே உரித்து நறுக்கியது. அந்தக் காலத்து ஐடஹோ உருளைக்கிழங்கு, பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற ஐஸ் வேகன்களில் யூனியன் பசிஃபிக் பாதை வழியே கிழக்கே புறப்பட்டு, சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் மூலம் சிகாகோ வந்தது. அந்நிறுவனத்தின் வுட் தெரு யார்டு உருளைக்கிழங்குக்கே பேர்போனது. ஆகவே உங்கள் லேஅவுட்டின் மறுகோடியில் ஒரு காய்கறி மொத்தச் சந்தையும், இரண்டு ஐஸ் வேகன்கள் நிற்கும் கிளைப்பாதையும், மூட்டை ஏற்றும் சிறிய லாரியும் இருந்தால் போதும்; கடைக்கும் ரயிலுக்கும் தொடர்பு விளங்கிவிடும்.

1960களின் பிற்பகுதிக்கு நீங்கள் போனால் காட்சி மாறுகிறது. ஐடஹோவின் சிம்ப்ளாட் நிறுவனம் உறைய வைத்த, வெட்டிய உருளைக்கிழங்கை மெக்டொனால்ட்ஸுக்கு வழங்கத் தொடங்கியதும், ஐஸ் வேகனுக்குப் பதிலாக டீசல் குளிர்பதனக் கருவி பொருத்திய வேகனும், சந்தைக்குப் பதிலாகக் குளிர்பதனக் கிடங்கும் வேண்டியிருக்கும். ரொட்டித் தொழிற்சாலை ஒன்றை வைத்தால் மாவு கொண்டுவரும் ஏர்ஸ்லைடு மூடிய ஹாப்பர் வேகனுக்கு வேலை கிடைக்கும். பொரிக்கும் எண்ணெய்க்கு டேங்க் வேகன், காகிதக் கோப்பை செய்யும் ஆலைக்குப் பாக்ஸ் வேகன். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நன்றாகச் செய்யுங்கள். எட்டடிக்கு நாலடியில் ரொட்டித் தொழிற்சாலைக்கே முதலிடம் கொடுப்பேன். பலகையின் பின்சுவரோடு ஒட்டிய அரைக் கட்டடமாக, 5 செ.மீ. ஆழத்தில் அதை அமைத்துவிடலாம், ஹாப்பர் வேகன் நிற்க ஒரே ஒரு கிளைப்பாதை போதும்.